அமீனா புகுந்த ஆமை வீடு

மதுரைக்கு முதன்முதலில் சர்வே எடுத்தது ஒரு பாம்பு. வெள்ளம் வந்து வடிந்த பிறகு ஊரின் எல்லை எதுவென்று தெரியாமல் பாண்டியன் சொக்கநாதரிடம் போய் நின்றான். அவர் தன் கையில் கங்கணமாகக் கிடந்த பாம்பை இறக்கிவிட்டார். அது ஊரைச் சுற்றி வளைந்து, வாலை வாயால் கவ்வி, இதற்குள்தான் உன் ஊர் என்று காட்டியது. ஆலம் என்றால் நஞ்சு. நஞ்சுள்ள வாய் எல்லை காட்டியதால் ஊருக்கு ஆலவாய் என்று பெயர் வந்ததாகத் திருவிளையாடல் புராணம் சொல்கிறது. சங்கிலி இல்லை, ஜிபிஎஸ் இல்லை, டீச்செலவுக்கு என்று யாரும் கையை நீட்டவில்லை. பாம்பு அளந்தது, ஊர் ஒப்புக்கொண்டது.

அந்தச் சர்வேயரின் வாரிசு ஒன்று ஓர் ஐப்பசி மழை இரவில் எங்கள் தெருவுக்கு வந்தது. மூன்றடி நீளம், உடம்பெல்லாம் சதுரங்கக் கட்டம். பக்கத்து வீட்டு அம்மா போட்ட சத்தத்தில் தெருவே கம்பும் கட்டையுமாகக் கூடிவிட்டது. "அடிங்கண்ணே, உள்ள போயிருச்சுன்னா பிடிக்க முடியாது" என்று என்னைத்தான் ஏவினார்கள். நல்லவேளையாகப் பாம்பு பிடிக்கத் தெரிந்த தம்பி ஒருவர் வந்து சேர்ந்தார்.

"சார், இது தண்ணிப் பாம்பு. கடிச்சா ரத்தம் வரும், உசுரு போகாது."

"இதை எங்க தம்பி விடுவீங்க?"

"மலைப்பக்கம் காட்டுல விட்டுர்றதுதான் சார்."

"தண்ணிப் பாம்பைக் காட்டுலயா?"

சாக்கைக் கட்டிக்கொண்டே அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "தண்ணி எங்க சார் இருக்கு?"

இதுமாதிரிச் செய்திக்கு நம் பத்திரிகைகள் ஒரு தலைப்பை அச்சுக் கோத்தே வைத்திருக்கின்றன: 'குடியிருப்புக்குள் புகுந்த பாம்பு, பொதுமக்கள் பீதி.' புகுந்தது பாம்பாம். எங்கள் தெரு ஒரு கண்மாயின் உள்வாய். மழைக்காலத்தில் தண்ணீர் ஏறி நிற்கிற தளம். அதில் கிராவல் கொட்டி, கல் ஊன்றி, மூன்று பக்கம் கொடி கட்டி, 'மழைநீர் தேங்காத மனைகள்' என்று நோட்டீஸ் அடித்து விற்றார்கள். நாங்களும் கடன் வாங்கி வாங்கினோம், கணபதி ஹோமம் வைத்தோம், பால் காய்ச்சினோம். யார் வீட்டுக்குள் யார் புகுந்தது என்று பாம்பு இதுவரை போலீசில் புகார் கொடுக்கவில்லை. அதன் பெருந்தன்மை.

பெயர்ப்பலகையில் பார்த்தால் மதுரையைப் போலத் தண்ணீர் பெருகிய ஊர் தமிழ்நாட்டில் கிடையாது. தல்லாகுளம், பீபிகுளம், சொக்கிகுளம், மாடக்குளம், உலகனேரி. மீனாட்சியம்மன் கோவிலுக்கு எதிரே ஏழுகடல் தெரு. காஞ்சனமாலை கடலாட ஆசைப்பட்டாள் என்று ஏழு கடலையும் சிவன் அங்கே வரவழைத்தாராம். இப்போது அங்கே கடை உண்டு, கூட்டம் உண்டு, பேரம் உண்டு. ஏழில் ஒரு கடலுக்காவது கால் நனைக்க வழி இருக்கிறதா என்று கேட்டால் கடைக்காரர் ஏதோ புது ரகப் புடவை கேட்கிறீர்கள் என்று நினைப்பார். ஷேர் ஆட்டோவில் ஏறி 'பீபிகுளம்' என்று சொல்கிற எத்தனை பேருக்குத் தாங்கள் ஒரு குளத்துக்குப் போகிறோம் என்று உறைக்கிறது?

இந்த வரிசையில் உலகனேரிக்குத் தனி மரியாதை உண்டு. 2004 ஜூலை 24ஆம் தேதி சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அங்கே திறக்கப்பட்டது. தென்மாவட்டத்துக்காரர்கள் பல வருடம் போராடி வாங்கிய நீதிமன்றம். அதன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அது நிற்கிற இடத்தின்மேல்தான். உலகனேரிக் கண்மாய்.

நம்மிடம் ஒரு பழமொழி இருக்கிறது: ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது. அமீனா என்றால் கோர்ட்டு உத்தரவோடு ஜப்தி செய்ய வருகிற ஆள். இருபது வருடமாக இந்தப் பழமொழியை நான் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். எந்த ஆமையும் யார் வீட்டுக்குள்ளும் புகுந்து குடி கெடுத்ததாகத் தெரியவில்லை. அமீனாதான் ஆமை வீட்டுக்குள் புகுந்தார். தனியாகவும் வரவில்லை, கோர்ட்டையே தூக்கிக்கொண்டு வந்தார். நீர்நிலை ஆக்கிரமிப்புகளை அகற்று என்று கண்மாய்க்குள் உட்கார்ந்து தீர்ப்பு எழுதுகிறார்கள். அதை நிறைவேற்ற வேண்டிய மாநகராட்சிக்குத் தபால் தல்லாகுளத்துக்குப் போகிறது. அங்கே மாநகராட்சி மாளிகை இருப்பதும் கண்மாயில்தான். கண்மாய்க்குள்ளிருந்து கண்மாய்க்கு ஒரு கடிதம். நடுவில் ஆமைக்கு ஒரு நகல்கூட அனுப்பவில்லை.

அவனியாபுரம் பக்கம் நகர்ந்தால் கிருதுமால் நதி. நதி என்று சொன்னால் சின்னப் பிள்ளைகள் சிரிப்பார்கள். கூடலழகருக்கு மாலை போட்டதுபோல வளைந்து ஓடியதால் கிருதமாலை. பாகவதத்தின்படி, சத்தியவிரதன் இந்த நதியில் நின்று கையில் அள்ளிய தண்ணீரில்தான் பெருமாள் சின்ன மீனாக வந்தார். மச்சாவதாரம் நடந்த இடம் நம்ம ஊர்ச் சாக்கடை. இன்று சத்தியவிரதன் அதே இடத்தில் கையை விட்டால், முதலில் டெட்டால் போட்டுக் கழுவ வேண்டும். பெருமாளும் ஆப்பிரிக்கக் கெளுத்தியாகத்தான் வர வேண்டும். வேறெந்த மீனுக்கும் அந்தத் தண்ணீரில் மூச்சு நிற்காது. மீனுக்கு அடுத்த அவதாரம் ஆமை. அதற்கு மதுரையில் இடம் பார்க்கச் சொன்னால் எந்தப் புரோக்கரிடம் போவது?

இடம் என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் விளக்கித்தான் ஆக வேண்டும். நம் அதிகாரிகளுக்குக் கண்மாய் என்றால் ஒரு தொட்டி. இத்தனை கன அடி கொள்ளும், இத்தனை ஏக்கர் பாயும். ஆனால் கண்மாயை வெட்டிய பாண்டியன் காலத்து ஆள் தொட்டி கட்டவில்லை. சரிவைப் பார்த்து ஒரு பக்கம் மட்டும் பிறை வடிவில் மண்கரை போட்டான். மற்ற மூன்று பக்கத்தை நிலத்தின் போக்கிலேயே விட்டுவிட்டான். தண்ணீர் ஏறும்போது உள்வாயில் விரல்கடையளவு, முழங்காலளவு, இடுப்பளவு என்று படிப்படியாக ஏறும். இறங்கும்போது அதே மாதிரி இறங்கும். மேலக் கண்மாய் நிறைந்தால் மறுகால் பாய்ந்து கீழக் கண்மாய்க்குப் போகும். ஒன்றின் கழிவு அடுத்ததன் வரத்து. கடைசியில் வைகையின் தண்ணீர்கூடக் கடலைத் தேடாமல் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய் அடங்கும்படி ஏற்பாடு. மடை திறந்தால் வயல், வயலுக்குள் தவளை, வரப்பில் எலி, எலிக்குச் சாரை, தவளைக்குத் தண்ணிப் பாம்பு. கரைக்குக் கீழே கசிவுநீர் ஊறி எப்போதும் ஈரமாக இருக்கும் ஒரு பட்டை. கோரையும் சம்பும் அங்கேதான் முளைக்கும்.

இந்த ஏற்பாட்டுக்குள்தான் பாலாமை குடியிருந்தது. ஓடு மேலே தோல் போர்த்த, பச்சையும் பழுப்புமான ஆமை. பின்னங்காலை உள்ளே இழுத்துக்கொண்டால், அடிவயிற்றோடு ஒட்டிய இரண்டு தோல்மடிப்புகள் கதவைப்போல மூடிக்கொள்ளும். நத்தை, தவளை, செத்த மீன், அழுகிய பாசி என்று எதையும் விடாது. துப்புரவுப் பணியாளர். சம்பளம் இல்லை, சங்கம் இல்லை, நிரந்தரம் கேட்டு மறியல் செய்வதில்லை. அதற்குத் தண்ணீர் மட்டும் இருந்தால் போதாது. திரிய ஆழமில்லாத தண்ணீர் வேண்டும். முட்டையிட, தண்ணீர் ஏறாத மேட்டு மண் வேண்டும். முட்டை அந்த மண்ணுக்குள் மாதக்கணக்கில் காத்துக்கிடக்கும். மூன்றாவதுதான் நம் ஆட்களுக்குப் புரியவே புரியாதது: கோடையில் கண்மாய் வற்றும்போது, வெடித்த சேற்றுக்கடியில் புதைந்து, மழை வரும்வரை மூச்சைச் சிக்கனமாகச் செலவழித்துத் தூங்க வேண்டும். வற்றுவது கண்மாயின் குற்றமில்லை. வற்றுவதும் நிறைவதுமாகச் சேர்ந்ததுதான் கண்மாய். வறண்ட கண்மாயைப் பார்த்து நாம் 'சும்மா கிடக்குது' என்கிறோம். அதன் தரைக்கடியில் ஒரு தெருவே தூங்குகிறது.

அந்தத் தூக்கத்தில்தான் ஜேசிபி வருகிறது. பங்குனி, சித்திரையில் வரும், தண்ணீர் இல்லாத காலம் பார்த்து. 2017இல் குடிமராமத்து என்ற பழைய நல்ல சொல்லைத் தூசு தட்டி எடுத்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் வேறு பெயர்களில் தூர் வாரினார்கள். தூர் வாருவது கெட்ட காரியம் என்று நான் சொல்லவில்லை. என் அப்பத்தா காலத்தில் ஊரே கூடி மாட்டு வண்டியில் கரம்பை அள்ளி வயலுக்குக் கொண்டுபோனது. மண்வெட்டியில் ஆமை தட்டுப்பட்டால் தூக்கி ஓரமாக வைத்தார்கள். ஹிட்டாச்சியின் வாளிக்கு அந்தப் பழக்கம் இல்லை. வண்டல் என்று அனுமதி வாங்கி, வண்டலுக்குக் கீழே கிராவல் வரை தோண்டி, டிப்பர் லாரியில் ஏற்றினால் அடுத்த லே-அவுட்டுக்கு அடிமண் ஆயிற்று. ஆக, ஒரு கண்மாயைத் தோண்டி இன்னொரு கண்மாயை மேடாக்குகிறோம். இந்தப் புத்திசாலித்தனம் பாண்டியனுக்கு வராமல் போனது நம் அதிர்ஷ்டம்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். வயிறு எரிய வேண்டுமானால் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பாலாமை இருக்கிறது. புலி இருக்கிற அட்டவணை, யானை இருக்கிற அட்டவணை. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலிலும் அது அழிவாபத்துக்கு உள்ளான இனம். ஓர் ஏழை தூண்டில்காரர் ஒரு பாலாமையைப் பிடித்துக் கறிக்கு விற்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகம் 7 ஆண்டு சிறை. அவரைப் பிடிக்க வேண்டியதுதான், நான் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் ஒப்பந்ததாரர் ஒருவர், ஆமைகள் தூங்குகிற கண்மாய்த் தரையையே வாரிக்கொண்டு போனால் அவருக்கு என்ன கிடைக்கும்? பில் பாஸாகும். கொஞ்சம் தாமதமாகலாம், அதுவும் கமிஷன் தகராறால்தான்.

காரணம் இருக்கிறது. ஆமை பாதுகாக்கப்பட்டிருக்கிறது, ஆமையின் வீடு பாதுகாக்கப்படவில்லை. ஈரநிலங்களைக் காக்க என்று மத்திய அரசு 2017 செப்டம்பரில் விதிகள் கொண்டுவந்தது. ஈரநிலம் என்றால் என்ன என்று அதில் விளக்கம் இருக்கிறது. இயற்கையானதோ செயற்கையானதோ என்று விசாலமாகக் கையை விரித்துத் தொடங்கி, அடுத்த மூச்சிலேயே விலக்குப் பட்டியல் போடுகிறது: ஆற்றுப்படுகை ஈரநிலம் ஆகாது, நெல்வயல் ஆகாது, குடிநீருக்காக வெட்டிய குளம் ஆகாது, பாசனத்துக்காகக் கட்டியதும் ஆகாது.

பாசனத்துக்காகக் கட்டியது ஆகாது! தமிழ்நாட்டுச் சமவெளியில் பாசனத்துக்காகக் கட்டாத நீர்நிலை எங்கே இருக்கிறது? இந்த மாநிலத்தின் ஏரி, கண்மாய், ஏந்தல், தாங்கல் எல்லாம் சேர்த்தால் 39,000க்கு மேல். அத்தனையும் மனிதன் வெட்டியது, அத்தனையும் பாசனத்துக்கு. டெல்லியில் உட்கார்ந்து எழுதியவர் மனத்தில் ஒரு பனிமலை ஏரி இருந்திருக்கும். மதுரையில் வைகை ஆற்றுப்படுகை, கண்மாய் பாசனக் கட்டுமானம், வயல் நெல்வயல். மூன்றும் போனால் ஈரமாக மிச்சமிருப்பது பேருந்து நிலையக் கழிப்பறைத் தரை. அதைக் காக்க விதியில் இடமிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இதே வைகை முடிகிற ராமநாதபுரத்தில் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் ஆகியவை ராம்சர் தலங்கள். 1971 உடன்படிக்கையின்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்கள். தமிழ்நாட்டில் மொத்தம் 20 உண்டு என்று 2025இல் பெருமைப்பட்டுக்கொண்டோம். அந்த நான்கும் பாசனக் கண்மாய்கள்தான். அங்கே பறவை வந்தது, சரணாலயம் ஆனது. மதுரை மாவட்டத்துக்கு அந்த 20இல் ஒரு வரிகூட இல்லை. பறவைக்கு இறக்கை இருக்கிறது, வண்ணம் இருக்கிறது, கேமராவோடு வருகிற ரசிகர்கள் இருக்கிறார்கள். சேற்றுக்குள் மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிற ஆமைக்கும், பார்த்ததுமே கம்பைத் தேடவைக்கிற பாம்புக்கும் ரசிகர் மன்றம் வைக்க யார் இருக்கிறார்கள்? அமெரிக்காவில் மிச்சிகன் பக்கம் மசசாகா என்று ஒரு விரியன். குளிர்காலத்தில் நண்டு வளைக்குள், நிலத்தடி நீர் உறையாமல் நிற்கிற மட்டத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். நீர்மட்டம் கொஞ்சம் மாறினாலும் செத்துப்போகும் என்று, அங்குள்ளவர்கள் அது வாழ்கிற சதுப்புக்குள் ஊறி வருகிற தண்ணீரை அளந்துகொண்டிருக்கிறார்கள். 2016இல் அந்த நாட்டுச் சட்டத்தில் அதைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். ஒரு விஷப் பாம்புக்காக! நாம் பாம்பைக் கும்பிடுகிற நாடு, பாருங்கள், அதனால் அதற்கு வேறெதுவும் செய்ய வேண்டியதில்லை. புற்றில் பால் ஊற்றினால் போதும். பாம்பு பால் குடிக்காது என்பது வேறு விஷயம்.

மாநிலச் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2007இல் கண்மாய்களைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் ஒரு சட்டம் போட்டோம். 2023 ஏப்ரலில் இன்னொரு சட்டம் போட்டோம்: 100 ஹெக்டேருக்குக் குறையாத 'சிறப்புத் திட்டம்' என்றால், நிலத்தின் நடுவில் ஓடையோ குளமோ இருந்தால்கூட எல்லாவற்றையும் ஒருங்கிணைத்துக் கொடுத்துவிடலாம். தண்ணீரின் அளவும் ஓட்டமும் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதுமாம். நூறு சதுர அடிக்குக் குடிசை போட்டவன் ஆக்கிரமிப்பாளன், நூறு ஹெக்டேருக்குக் கேட்டவன் முதலீட்டாளன். ஆமை தண்ணீரின் அளவுக்குள் குடியிருப்பதில்லை, கரைமண்ணில் குடியிருக்கிறது என்று சட்டசபையில் எழுந்து சொல்ல ஓர் உறுப்பினருக்குக்கூட நா எழவில்லை.

ஏப்ரல் மாதத்துக்கும் நம் தண்ணீருக்கும் பூர்வஜென்மப் பகை போலும். 2017 ஏப்ரலில் அன்றைய கூட்டுறவுத் துறை அமைச்சர் செல்லூர் ராஜு, தண்ணீர் ஆவியாகாமல் தடுக்க வைகை அணையில் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டார். காற்று வந்தது, சில நிமிடங்களில் அட்டைகள் கரையேறின. நாடு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், பிறகு வெட்கப்பட்டேன். அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிற செல்லூர் ஒரு கண்மாயின் பெயர் என்று அன்று சிரித்தவர்களில் ஒருவரும் சொல்லவில்லை. 2024 அக்டோபர் மழையில் அந்தச் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் நின்றபோது எல்லோருக்கும் நினைவு வந்தது.

ஆட்சி மாறியது. 2025 மே கடைசியில் முதல்வரின் சாலைவலம். வழியில் பந்தல்குடிக் கால்வாய். வடகரையின் உபரிநீரை வைகைக்குக் கொண்டுசேர்க்க வேண்டியது; கொண்டுசேர்ப்பது சாக்கடையை. அதை முதல்வர் கண்ணில் படாமல் மறைக்க நீளமாகத் துணி கட்டினார்கள். படம் ஊரெல்லாம் ஓடியது, பிறகு முதல்வரே வந்து கால்வாயைப் பார்வையிட்டார். ஒரு கட்சி நல்ல தண்ணீரைத் தெர்மாகோலால் மூடியது, இன்னொரு கட்சி கெட்ட தண்ணீரைத் துணியால் மூடியது. இரண்டு கழகத்துக்கும் நடுவே இந்த அளவுக்காவது கொள்கை வேறுபாடு இருப்பது ஜனநாயகத்துக்கு நல்லதுதான்.

மூடுவது முடியாதபோது அழகுபடுத்துவார்கள். ஸ்மார்ட் சிட்டியில் வைகையின் இரு கரையிலும் சுவர் எழுப்பிச் சாலை போட்டாயிற்று. கண்மாய்க்கும் இப்போது அதே அலங்காரம்: சாய்வான மண்கரையை நிமிர்த்திக் கல் பதித்து, மேலே நடைபாதை, கலர் விளக்கு, சிமெண்டில் செய்த டால்பின். சர்க்கரை வியாதிக்காரர்கள் காலையில் நடப்பார்கள், நடக்கட்டும், நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். ஆனால் முட்டையிட மேடேற வருகிற ஆமை அந்தச் செங்குத்துச் சுவரில் எப்படி ஏறும்? படகுத்துறைக்குப் படி வைக்கத் தெரிந்த இன்ஜினீயர், ஒரு பக்கம் இருபது அடி நீளத்துக்கு மண்சரிவை விட்டுவைத்தால் மதிப்பீட்டில் என்ன துண்டு விழும்? சிமெண்ட் குறையும். அதுதான் துண்டு.

இதற்கிடையில் ஊருக்குள் ஆமைக்கு மவுசு கூடித்தான் இருக்கிறது. நகைக்கடையில் ஆமை மோதிரம் போட்டால் பணம் சேரும் என்கிறார்கள். தலை உள்பக்கம் பார்க்க வேண்டுமா வெளிப்பக்கம் பார்க்க வேண்டுமா என்று யூடியூபில் வாதம் நடக்கிறது. தட்டில் தண்ணீர் ஊற்றிப் பித்தளை ஆமையை வடக்கே வைத்தால் வாஸ்து தோஷம் போகும். மீன்தொட்டிக் கடையில் அமெரிக்கச் சிவப்புக்காது ஆமை வாங்கி, அது தட்டளவு வளர்ந்ததும் புண்ணியம் என்று கோவில் குளத்தில் விட்டுவிட்டு வருகிறார்கள். உயிருள்ள நம்மூர் ஆமை வாசலில் வந்தால் மட்டும் வீடு உருப்படாது. நட்சத்திர ஆமையின் கதை இன்னும் மோசம். ஓட்டில் நட்சத்திரம் வரைந்துகொண்டு பிறந்த பாவத்துக்கு, சூட்கேசில் துணிக்கு நடுவே திணிக்கப்பட்டு விமானம் ஏறுகிறது. 2019இல் சர்வதேச வணிகத்தைத் தடுக்கிற உச்சப் பட்டியலில் அதைச் சேர்த்தார்கள். மண்ணுளிப் பாம்புக்கோ இரண்டு தலை, கோடி ரூபாய் விலை என்று ஒரு மோசடிக் கும்பல் கதை கட்டியது. வால் மழுங்கிய, எலி தின்கிற, யாரையும் ஒன்றும் செய்யாத அந்த ஜீவனைத் தராசில் வைத்து நிறுத்துப் பார்க்கிற அளவுக்கு நம் ஆட்களுக்குப் படிப்பு இருக்கிறது.

பாம்புக்கு வக்காலத்து வாங்குகிறவன் வயலில் இறங்காதவன் என்று நீங்கள் சொல்லக்கூடும். நியாயம். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் செத்தார்கள் என்பது ஆய்வுக் கணக்கு. செத்தவர்கள் பெரும்பாலும் கிராமத்து உழைப்பாளிகள். 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது, செய்ய வேண்டிய காரியம். ஆனால் கடிக்கும் பாம்பை வாசலுக்கு அழைத்து வருவது யார்? குப்பையைத் தெருமுனையில் கொட்டினால் எலி வரும், எலி இருக்கிற இடத்துக்கு நல்லபாம்பும் கண்ணாடி விரியனும் வரும். கண்மாயில் தவளை தின்று கிடந்த அப்பாவித் தண்ணிப் பாம்பும் அடிபட்டுச் சாகிறது.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு நல்ல செய்தியும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் மேலூர்க்காரர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். அரிட்டாபட்டி. ஏழு மலை, ஊற்றுகள், ஆனைகொண்டான் கண்மாய். மலைப்பாம்பும் எறும்புத்தின்னியும் தேவாங்கும் இருக்கிற இடம். 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களில் சுமார் 193 ஹெக்டேர் நிலத்தைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தார்கள். இரண்டே வருடம். 2024 நவம்பரில் அந்த 193 ஹெக்டேரையும் உள்ளடக்கிய 2,015 ஹெக்டேர் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் போனது, ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்கு. மரபு என்று பலகை வைத்த கை காயும் முன்னே சுரங்கம். ஜனங்கள் மனு கொடுத்துக் காத்திருக்கவில்லை. 2025 ஜனவரி 7ஆம் தேதி மேலூர்ப் பக்கமிருந்து ஆயிரக்கணக்கில் கிளம்பி மதுரை தல்லாகுளம் வரை வந்தார்கள். அதே மாதம் 23ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. சட்டமோ விதியோ அட்டவணையோ அந்த மலைப்பாம்பைக் காப்பாற்றவில்லை. டிராக்டரில் ஏறி வந்த சம்சாரிகள் காப்பாற்றினார்கள். நகரத்துக் கண்மாய்களுக்கு அப்படிச் சம்சாரிகள் இல்லை. மனைவாங்கிகள்தான் இருக்கிறோம்.

ஆகவே கேட்கிறேன். பாசனக் கண்மாய் ஈரநிலம் இல்லை என்கிற அந்த ஒரு வரியை விதியிலிருந்து எடுங்கள். தூர் வாரும் டெண்டரில், கண்மாயின் ஆழமான பகுதியில் ஒரு பங்கைத் தொடாமல் விட வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். கரைக்குக் கல் பதிக்கிறவர்கள் உள்வாய்ப் பக்கத்தை மண்ணாகவே விடுங்கள். வரத்துக் கால்வாயில் சாக்கடைக் குழாயைச் செருகுகிற ஒவ்வொரு அலுவலகமும், தனியார் வீடும், தன் குழாயைத் தானே பிடுங்கட்டும். இதற்கெல்லாம் வெளிநாட்டு நிபுணர் வேண்டாம், ஆலோசனைக் கட்டணம் வேண்டாம். கண்மாய்க்குப் பக்கத்தில் மிச்சமிருக்கிற நீர்பாய்ச்சிக் கிழவர் யாரையாவது கேட்டாலே போதும். அவர் இருக்கும்போதே கேளுங்கள்.

அன்று ராத்திரி தண்ணிப் பாம்பு சாக்குக்குள் போன பிறகு தூக்கம் வரவில்லை. பீரோவைத் திறந்து வீட்டுப் பத்திரத்தை எடுத்தேன். ஊருக்கே எல்லை காட்டிய ஜீவன் வந்து போயிருக்கிறது, என் வீட்டு எல்லையையாவது பார்ப்போம் என்று. நான்கெல்லை விவரம் கடைசிப் பக்கத்தில் இருந்தது. வடக்கே இருபதடிப் பொதுப்பாதை, கிழக்கிலும் மேற்கிலும் மனை எண்கள், தெற்கே 'கண்மாய்க் கரை'. பத்திர எழுத்தர் அழகான கையெழுத்தில் எழுதி, சார்பதிவாளர் முத்திரை குத்தி, நான் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உங்கள் பத்திரத்தையும் எடுத்துப் பாருங்கள், தாய்ப்பத்திரம் வரை போய்ப் பாருங்கள்.

தெற்குச் சன்னலைத் திறந்தேன். அங்கே தண்ணீர் கேன் குடோன் இருக்கிறது. ஒரு கேன் 40 ரூபாய், வீட்டுக்கே கொண்டுவந்து போடுகிறார்கள்.